குடலுக்குப் பிறந்த மருந்து

வயிற்றில் ஆபரேஷன் ஆன நோயாளியிடம் தமிழ்நாட்டு வார்டுகளில் மறுநாள் காலை கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் வலியைப் பற்றியதாக இருக்காது. "காத்து பிரிஞ்சுதா?" என்பதாகத்தான் இருக்கும். டாக்டர் கேட்பார், சிஸ்டர் கேட்பார், பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பாட்டியும் கேட்பார். வெளியே வாய்விட்டுச் சொல்லக் கூசும் சங்கதிக்கு அங்கே வெட்கம் கிடையாது. பிரிந்துவிட்டது என்றால் முதலில் இரண்டு மடக்குத் தண்ணீர், அப்புறம் இளநீர், அப்புறம் கஞ்சி, மறுநாள் இட்லி. பிரியவில்லை என்றால் டிரிப்ஸ் தொடரும், வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிப்போகும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பட்டையில் அந்தத் தள்ளிப்போகும் நாளுக்குக் கணக்கு இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகையாக சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. மீதி 30 சதவீதமும் ஓவர்டைமும் போனது போனதுதான். குடல்வால் வீங்கியோ பித்தப்பையில் கல் சேர்ந்தோ படுத்த ஒருவருக்கு, குடல் ஒரு நாள் முன்னதாக விழித்துக்கொள்வது பணமாகவே தெரியும்.

குடல் ஏன் தூங்குகிறது? பழி நேராக மயக்க மருந்தின் மேல் விழுவது வழக்கம். ஆனால் 1899இலேயே பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் நாய்களில் வேறொன்றைக் கண்டார்கள். வயிற்றைத் திறந்தாலே குடலின் அசைவு அடங்கியது. குடலுக்குப் போகும் ஒரு நரம்பை வெட்டிவிட்டால் அசைவு திரும்பியது. அதாவது, அடங்கு என்ற கட்டளை நரம்பு வழியாக வந்துகொண்டிருந்தது. 1906இல் அமெரிக்காவில் வால்டர் கேனனும் மர்ஃபியும் இன்னும் ஒரு படி போனார்கள். ஈதர் கொடுத்து மயக்குவது மட்டும் குடலைப் பெரிதாகத் தாமதப்படுத்தவில்லை. குடலை எடுத்துக் கையாள்வதுதான் அதை வெகுநேரம் முடக்கியது. கத்தியைவிடக் கைக்குத்தான் குடல் அதிகம் அஞ்சுகிறது. அடிபட்ட குடல் சுவரில் வீக்கம் சேரும். வலிக்குப் போடும் மார்ஃபின் வகை மருந்துகள் அதன்மேல் இன்னொரு பூட்டு. சிறுகுடல் சில மணி நேரத்தில் தேறிவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள். வார்டில் காத்திருப்பது இந்தக் கடைசி ஆளுக்காகத்தான்.

இதே காலத்தில் இன்னொரு கதை வியன்னாவில் தொடங்குகிறது. அதன் விதை, நிஜமாகவே ஒரு விதைதான், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஒரு கொடியின் அவரையை அரைத்துக் கொடுப்பார்கள். செத்தால் குற்றவாளி, வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. மிஷனரிகள் வழியாக எடின்பரோவுக்கு வந்த அந்த அவரையை 1855இல் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் தானே கடித்துப் பார்த்தார். உடம்பு தளர்ந்து இதயம் தடுமாறியதும், சவரம் செய்துவிட்டு வைத்திருந்த சோப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பினார். 1864இல் ஜெர்மானியர்கள் அதன் சாரத்தைப் பிரித்து ஃபைசோஸ்டிக்மின் என்று பெயரிட்டார்கள். கண் மருத்துவர்கள் அதைப் பாவையைச் சுருக்கப் பயன்படுத்தினார்கள். வேறு சிலர் அது குடலை அசைப்பதைக் கவனித்தார்கள்.

1900. யாக்கோப் பால் என்ற வியன்னா மருத்துவர் நாய்க் குடலின் அசைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய் துள்ளாமல் இருக்க அதற்குக் கியூரேர் கொடுத்திருந்தார். தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவும் விஷம் அது. விருப்பப்படி அசைக்கும் தசைகளை முடக்கிவிடும், மூச்சுத் தசைகள் உட்பட. குடல் எப்படி நெளிகிறது என்று பார்க்க ஃபைசோஸ்டிக்மினைச் செலுத்தினார். குடல் நெளிந்தது. கூடவே, முடங்கிக் கிடந்த நாய் தானாக மூச்சுவிடத் தொடங்கியது. மயக்கவியல் துறை இன்று 'ரிவர்ஸல்' என்று சொல்லும் வித்தையின் முதல் பதிவு இதுதான். குடலைப் பார்க்கப் போன இடத்தில் மூச்சு கிடைத்தது. பிற்பாடு மூச்சைக் கவனித்தவர்கள் குடலை ஓரங்கட்டியதுதான் இந்த வரலாற்றின் வேடிக்கை.

கியூரேரில் ஒரு வகை ஸ்ட்ரிக்னாஸ் என்ற தாவரப் பேரினத்தைச் சேர்ந்த கொடிகளிலிருந்து வருகிறது. அந்தப் பேரினத்தின் இரண்டு பிள்ளைகளைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும்: எட்டி மரமும், கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையில் உரைக்கும் தேற்றாங்கொட்டையும். எட்டியின் விஷம் கியூரேருக்கு நேர் எதிர், தசைகளை வெட்டி இழுக்கும். தேற்றாங்கொட்டையோ சாது. ஒரே குடும்பத்தில் இப்படி மூன்று குணம்.

யாக்கோப் பால் கண்டது முப்பது ஆண்டு தூங்கியது. 1931இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஈஷ்லிமான், ரைனெர்ட் இருவரும் கலபார் அவரையின் சாரத்தை மாதிரியாக வைத்து ஒரு செயற்கை மருந்தைச் செய்தார்கள். அதுதான் நியோஸ்டிக்மின், விற்பனைப் பெயர் புரோஸ்டிக்மின். முதலில் அது எதற்காக வாங்கப்பட்டது என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்பிக் கிடப்பவர்களுக்கும் சிறுநீர் வராதவர்களுக்கும்தான். 1930களின் அறுவை மருத்துவருக்கு அது குடலை எழுப்பும் ஊசி. லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய் கியூரேர் விஷத்தை ஒத்திருப்பதைக் கவனித்து 1934இல் ஃபைசோஸ்டிக்மினையும் மறு ஆண்டு புரோஸ்டிக்மினையும் கொடுத்துப் பார்த்தார்; விழுந்திருந்த இமைகள் எழுந்தன. மருந்து தசைப் பக்கம் நகர ஆரம்பித்தது அங்கேதான்.

1942 ஜனவரி 23 அன்று மாண்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஓர் இளைஞருக்குக் கியூரேர் கொடுத்தார்கள். வயிற்றுத் தசை தளர்ந்தது, ஆழமான மயக்கம் தேவைப்படவில்லை. போர் முடிந்ததும் லிவர்பூலில் செசில் கிரே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்து 1946இல் கட்டுரை எழுதினார். தசையை முழுதாக முடக்குவது, மூச்சை மருத்துவர் தம் கையில் எடுத்துக்கொள்வது, முடிவில் நியோஸ்டிக்மின் போட்டுத் திருப்பி எடுப்பது: லிவர்பூல் முறை என்று பெயர் பெற்ற இந்த வரிசை உலகெங்கும் பரவியது. தையல் போட்டு முடிக்கும் நேரத்தில் ஆபரேஷன் தியேட்டரில் "ரிவர்ஸல் போட்டாச்சா?" என்ற குரல் கேட்கும். குடலுக்குப் பிறந்த மருந்து மயக்க டாக்டரின் தட்டுக்குப் போய்விட்டது.

போன இடத்தில் அது பழைய வேலையை மறக்கவில்லை. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை ஒரு நொதி உடனுக்குடன் அழித்துவிடும். நியோஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் குவிந்து, தசையில் உட்கார்ந்திருக்கும் முடக்கு மருந்தைத் தள்ளிவிடும். ஆனால் அது தசையில் மட்டுமா குவியும்? இதயம் மெதுவாகும், எச்சில் பெருகும், மூச்சுக்குழாய் சுருங்கும், குடல் முறுக்கிக்கொள்ளும். இதைச் சமாளிக்க அட்ரோபினைச் சேர்த்துப் போடுவார்கள். நம் வேலியோர ஊமத்தையில் இருக்கும் அதே வகைச் சாரம்தான். பின்னாளில் மூளைக்குள் புகாத கிளைக்கோபைரோலேட் அந்த இடத்துக்கு வந்தது. இந்தியாவில் 2.5 மில்லிகிராம் நியோஸ்டிக்மினும் அரை மில்லிகிராம் கிளைக்கோபைரோலேட்டும் ஒரே ஆம்ப்யூலில் கலந்தே கிடைக்கின்றன.

ஒரு மருந்து குடலை ஓட்டுகிறது, துணை மருந்து குடலைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் ஒரே சிரிஞ்சில். யார் முந்துவார்கள் என்பதுதான் சிக்கல். நியோஸ்டிக்மினின் உச்சம் பத்து நிமிடத்துக்குள் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் தணிய ஆரம்பிக்கும். கிளைக்கோபைரோலேட்டின் உலர்த்தும் குணம் ஏழு மணி நேரம் வரை நீடிக்கலாம். ஆபரேஷன் முடிந்த இரவெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டு தண்ணீர் கேட்பவர்களின் தவிப்பில் அதற்கும் பங்கு உண்டு.

அறுவை மருத்துவர்களுக்கு இருந்த பயம் வேறு. வெட்டி இணைத்த குடல் தையலை நியோஸ்டிக்மினின் இழுப்பு பிய்த்துவிடுமோ என்பது. 1968இல் பெல், லூயிஸ் இருவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் குடல் இணைப்புகளும் நியோஸ்டிக்மினும் பற்றி எழுதிய கட்டுரை அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது. பல பத்தாண்டுகள் தியேட்டரில் இந்தச் சண்டை நடந்தது: ரிவர்ஸல் வேண்டாம், தானாகத் தெளியட்டும் என்பார் ஒருவர், மூச்சு நின்றால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்பார் மற்றவர். மயக்க டாக்டரின் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருந்தது. பாதி முடங்கிய மூச்சுத் தசையோடு வார்டுக்குப் போவது கசியும் தையலைவிட வேகமாக உயிரைப் பறிக்கும்.

மருந்து தன் பிறந்த வீட்டுக்கு ஒரு தடவை ஊர்வலமாகவே திரும்பியது. தடை எதுவும் இல்லாமலே பெருங்குடல் பலூன் போல ஊதிக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. 1948இல் அதை எழுதிய ஓகில்வியின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 2 மில்லிகிராம் நியோஸ்டிக்மின் பெற்ற 11 பேரில் 10 பேருக்கு வயிறு சட்டென்று இறங்கியது. வெறும் உப்புத் தண்ணீர் பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் இறங்கவில்லை. மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான பதில் அபூர்வம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு நியோஸ்டிக்மினோடு இன்னொரு உறவும் உண்டு. அதில் தியேட்டர் இல்லை, வரப்புதான் இருக்கிறது. ராமானுஜர் பிறந்த ஊராகவும், 1991 மே 21க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடமாகவும் வெளியுலகுக்குத் தெரிந்திருந்த இந்தப் பகுதி, ஏரிகளும் நெல் வயல்களும் முள்காடும் கலந்த நிலம். நல்ல பாம்பு கடித்தவருக்கு இமை சரியும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். நல்ல பாம்பின் விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கியூரேர் உட்காரும் அதே நாற்காலியில் உட்காருகிறது. அதனால்தான் இந்தியாவின் பாம்புக்கடி சிகிச்சை நெறிமுறையில், விஷமுறிவு மருந்தோடு, அட்ரோபினும் நியோஸ்டிக்மினும் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல பாம்புக் கடியில் சரிந்த இமை அரை மணி நேரத்தில் எழுவது உண்டு. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைப்பதால் அங்கே இந்த மருந்து பெரும்பாலும் தோற்றுவிடும். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷமும் பக்கத்திலிருந்தே போகிறது: கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து.

அந்த நிலம் மாறியது முப்பது வருடத்துக்குள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் கால் வைத்தது, 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. 2006இல் நோக்கியா வந்து 2014இல் போனது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2013இல் ராயல் என்ஃபீல்டு. மருத்துவமனைகள் சாலையோடு சேர்ந்து வளர்ந்தன. தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி 2008இல் தொடங்கியது. 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதைத் தொடர்ந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், கூலிக்காரர் குடும்பமும் தனியார் தியேட்டருக்குள் போகலாம் என்ற நிலையை உண்டாக்கின. அதற்குள் ஆபரேஷனின் உருவமே மாறியிருந்தது. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உத்வாடியா துளை வழியாகப் பித்தப்பையை எடுத்த பிறகு லேப்ராஸ்கோப்பி நாடெங்கும் பரவியது. துளைகள் சிறியவை, குடலைத் தொடும் கையும் குறைவு. ஆனால் வயிற்றை வாயுவால் நிரப்பித் தசையைத் தளர்த்தி வைக்க வேண்டும். முன்பு முதுகில் ஊசி போட்டு முடித்த சில ஆபரேஷன்களும் முழு மயக்கத்துக்கு மாறின. ரிவர்ஸல் ஆம்ப்யூலின் தேவை கூடியது.

ஊசிக் குப்பிகளோடும் இந்தப் பட்டைக்குப் பந்தம் இருந்தது. சென்னையின் ஆர்க்கிட் கெமிக்கல்ஸ் இருங்காட்டுக்கோட்டையில் ஊசி மருந்து ஆலை நடத்தியது; பெரும்பாலும் ஆன்டிபயாடிக்குகள். 2010இல் அந்த ஊசித் தொழிலை அமெரிக்காவின் ஹாஸ்பிரா சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. 2015இல் ஹாஸ்பிராவை ஃபைசர் வாங்கியது. 2019 ஜனவரியில் ஃபைசர் இருங்காட்டுக்கோட்டையிலும் அவுரங்காபாத்திலும் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இரண்டு ஆலைகளிலும் சேர்த்து சுமார் 1,700 பேர் வேலை பார்த்தார்கள். ஒன்பது ஆண்டில் இரண்டு முதலாளி, பிறகு பூட்டு. கார் ஆலை மூடினால் தலைப்புச் செய்தி. மருந்து ஆலை மூடினால் வணிகப் பக்கத்தில் ஒரு பத்தி.

நியோஸ்டிக்மின் போன்ற கிழட்டு மருந்துகளின் விலைக் கதையும் விசித்திரமானது. எண்பது வருடம் ஊசி போட்ட பிறகு 2013 மே மாதம்தான் அமெரிக்க உணவு–மருந்து நிர்வாகம் ஒரு நியோஸ்டிக்மின் பிராண்டுக்கு முறையான அனுமதி கொடுத்தது. அதுவரை பழைய மருந்து என்ற பெயரில் சும்மா புழங்கிக்கொண்டிருந்தது. அனுமதி வந்ததும் அங்கே விலை எகிறியது. இங்கே அது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மலிவு ஆம்ப்யூல்தான்.

போட்டியாளன் ஸ்காட்லாந்திலிருந்து வந்தான். ஆர்கனான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆன்டன் பாம், ரோகுரோனியம் என்ற தசைத் தளர்ப்பியைக் கரைக்க உதவும் பொருளைத் தேடினார். மாவுச்சத்திலிருந்து செய்யும் வளையம் போன்ற சர்க்கரை மூலக்கூறு ஒன்று, ரோகுரோனியத்தைத் தன் குழிக்குள் இழுத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. எட்டு குளுக்கோஸ் அலகுகள் கோத்த அந்த வளையத்தைத் திருத்தி உருவானதுதான் சுகமடெக்ஸ். ஐரோப்பா 2008இல் அனுமதித்தது. ஒவ்வாமை அச்சத்தால் தயங்கிய அமெரிக்கா 2015 டிசம்பரில் அனுமதித்தது. இது நொதியைத் தொடுவதில்லை, அசிட்டைல்கோலினைக் குவிப்பதில்லை. தளர்ப்பியை மட்டும் பிடித்துச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றுகிறது. ஆகவே கிளைக்கோபைரோலேட் தேவையில்லை. மூன்று நிமிடத்தில் தசை திரும்பிவிடும்.

ரிவர்ஸல் வரலாற்றில் முதல் தடவையாகக் குடல் கணக்கிலேயே வராத ஒரு மருந்து. உடனே கேள்வி எழுந்தது: அப்படியானால் காற்று சீக்கிரம் பிரியுமா? பெருங்குடல் ஆபரேஷன்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டிய சில ஆய்வுகள், சுகமடெக்ஸ் பெற்றவர்களுக்குக் காற்றும் மலமும் முன்னதாகப் போனதாகச் சொல்கின்றன. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியாத ஆய்வுகளும் உண்டு. குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகளின் பதில் ஒரே குரலில் இல்லை. கிடைக்கும் ஆதாயமும் நாள் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில்தான். விஷயம் தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒரு தடவை போட்டுக் கரையும் ரிவர்ஸலைவிட, இரண்டு மூன்று நாள் தொடரும் மார்ஃபின் வகை வலி மருந்தும் குடலில் பட்ட கையும்தான் தாமதத்தின் பெரும்பங்கு.

அதனால்தான் பெரிய மாற்றம் ரிவர்ஸல் தட்டிலிருந்து வரவில்லை. டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் 1990களில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குலைத்துப் போட்டார்: மார்ஃபினைக் குறை, அன்றைக்கே எழுந்து நடக்கவை, டிரிப்ஸைக் கட்டுப்படுத்து, காற்றுக்குக் காத்திராமல் சாப்பிடக் கொடு. குடல் இயங்கிய பிறகு சோறு என்ற பழைய வரிசையைத் தலைகீழாக்கி, சோறு போட்டால் குடல் இயங்கும் என்றார்கள். 2002இல் ஜப்பானியர்கள் சூயிங்கம் மெல்லக் கொடுத்தும் பார்த்தார்கள். வாய் அசைந்தால் சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாறுமாம். தமிழ்நாட்டில் இதைப் பின்பற்றும் பிரிவுகள் உண்டு. ஆனாலும் கட்டிலருகே நிற்கும் அம்மாவை ஒப்புக்கொள்ள வைப்பது, டாக்டரை ஒப்புக்கொள்ள வைப்பதைவிடக் கஷ்டம். வயிற்றைக் கிழித்த அன்றே இட்லியா என்று பதறுவார்.

சுகமடெக்ஸுக்கு உள்ளூரில் இரண்டு தடை. ஒன்று விலை, இந்திய நிறுவனங்களின் குப்பிகள் வந்த பிறகும் நியோஸ்டிக்மினைவிடப் பல மடங்கு. இன்னொன்று, அது ரோகுரோனியம், வெக்குரோனியம் வகையை மட்டுமே பிடிக்கும். இங்கே பரவலாகப் புழங்கும் அட்ராகுரியத்தை அந்த வளையம் கண்டுகொள்வதே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: தசை எவ்வளவு முடங்கியிருக்கிறது? மணிக்கட்டு நரம்பில் நான்கு மெல்லிய அதிர்வுகளைக் கொடுத்துக் கட்டைவிரல் எப்படித் துடிக்கிறது என்று பார்க்கும் முறை 1970இலேயே வந்துவிட்டது. நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் பத்தில் ஒன்பது பங்காவது இருந்தால்தான் தொண்டையில் செருகிய குழாயை எடுக்க வேண்டும் என்று 2023இல் வெளியான அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. தலையைத் தூக்கு, கையை இறுக்கு என்று சொல்லிப் பார்ப்பதை அது போதுமானதாக ஏற்கவில்லை. அளந்து பார்த்தால் நியோஸ்டிக்மினின் அளவைக் குறைக்கலாம், சிலருக்குத் தேவையே படாது. கிளைக்கோபைரோலேட்டும் அதோடு குறையும். ஆனால் அளக்கும் கருவியைச் சிறிய மருத்துவமனைகளில் எளிதில் பார்க்க முடியாது. கருவி என்றதும் கதை மறுபடி இதே பட்டைக்குத் திரும்புகிறது. மத்திய அரசின் மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்தப் பூங்காவுக்கு சிப்காட் 350 ஏக்கர் ஒதுக்கியிருப்பது ஒரகடத்தில்.